மாசியில் ஊன்றி, சித்திரையில் பறிக்க

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான். "அக்கா, செடி நல்லாத்தான் இருக்கு, பூவும் பூக்குது. ஆனா எல்லாம் கொட்டிருது. என்ன மருந்து அடிக்கலாம்?" தக்காளி வைத்தவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். சுரைக்கொடியை மாடிக்கு ஏற்றிவிட்டவர்களும், கத்தரி வைத்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேள்வி ஒன்று, பதில் மூன்று. அந்த மூன்றிலும் மருந்துக்கு வேலையே கிடையாது. இதை நின்றபடியே சொல்லி முடிக்க முடியாது, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

திருச்சிப் பக்கம் பொங்கலோடு தோட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆடியில் போட்டது ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, மார்கழியிலும் தையிலும் காய்த்து ஓய்ந்தது. இனி அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. மாசியிலிருந்து வைகாசி வரை காய்கறிக்கு ஒரு முழுப் பருவம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணி ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது. இரண்டும் சுரை, பீர்க்கு, புடலைக்குப் பங்காளிகள். இந்தக் குடும்பத்துக்கு வெயில் பகையாக இருந்தால் கோடையில் இத்தனை காய் வருமா? எதை இப்போது வைக்க வேண்டும், வைத்த செடியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். பார்ப்பது என்று சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். கோடைத் தோட்டத்தில் பாதி வேலை அதுதான்.

முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பொங்கல் சமயத்தில் நடுப்பகலில்கூட நம் நிழல் வடக்குப் பக்கம் நீண்டு விழும். சூரியன் அப்போது தெற்கே சாய்ந்து போகிறது. பத்தடி உயரச் சுவர் இருந்தால், திருச்சியில் தை மாத உச்சிவெயிலில் அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய ஆறடி தூரம் படியும். அந்த ஆறடியில் எது வைத்தாலும் சவலையாகத்தான் வரும், எனவே அதை வெறுமனே விட்டுவிடுகிறோம். ஆனால் நிழல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது. சித்திரை பிறக்கும்போது சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அதே சுவரின் உச்சிநிழல் நாலு விரற்கடைகூட இருக்காது. ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொரு ஊருக்கும் நிழலே விழாத நாள் ஒன்று வருகிறது. கன்னியாகுமரியில் முதலில், பிறகு மதுரை, திருச்சி, கடைசியில் 24-ஆம் தேதி வாக்கில் சென்னை. அதற்குப் பிறகு நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கிவிடும்.

வீட்டுத் தோட்டத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தையில் இருட்டாக இருந்த வடக்குப் பக்கம்தான் பங்குனியில் நல்ல காய்கறிப் பாத்தி. தையில் வெயில் வாங்கிக்கொண்டிருந்த தெற்குச் சுவரடி வைகாசி உச்சிவெயிலில் கொஞ்சம் நிழல் பெறும், கீரையை அங்கே மாற்றலாம். மாசி முதல் வாரத்திலேயே கொல்லையில் ஒரு குச்சியை நட்டு, உச்சிவேளையில் நிழல் முடிகிற இடத்தில் ஒரு கல் வையுங்கள். வாரம் ஒரு கல் வைத்துவந்தால், எந்தப் பாத்தி எந்த மாதத்துக்கு என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

இனி விதை. மாசியில் நேரடியாக ஊன்றக்கூடியவை வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி. தண்டுக்கீரையையும் முளைக்கீரையையும் மணலில் கலந்து தூவலாம். கத்தரி, மிளகாய்க்கு நாற்று வேண்டும். கத்தரி நாற்றுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலும், மிளகாய் நாற்றுக்கு 40 நாளும் பிடிக்கும் என்பதால் தையிலேயே நாற்று விட்டிருந்தால்தான் மாசிக் கடைசியில் நடலாம். விடவில்லை என்றால் நர்சரியில் வாங்கி நடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

வெண்டை விதை கெட்டியானது. முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் ஊறியிருக்கும். ஆறின சோற்றுக் கஞ்சியில் அசோஸ்பைரில்லம் நுண்ணுயிர் உரம் கலந்து விதையில் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி ஊன்றுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறை, வீட்டிலும் சுலபமாகச் செய்யலாம். வெண்டைக்குச் சூடான மண் பிடிக்கும். மார்கழிக் குளிரில் போட்டால் சோம்பிக் கிடக்கும் விதை மாசி மண்ணில் நாலைந்து நாளில் மேலே வந்துவிடும். செடிக்குச் செடி ஓரடி, வரிசைக்கு வரிசை ஒன்றரையடி. முளைத்த பிறகு இரண்டில் ஒன்றைப் பிடுங்க மனம் வராது, ஆனால் பிடுங்கத்தான் வேண்டும்.

முளைக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சுரையையோ பரங்கியையோ பாருங்கள். முதலில் வேர் கீழே போகும். பிறகு தண்டு கொக்கி மாதிரி வளைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிளப்பும். வேரும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன முனை வளரும். அது விதையோட்டின் கீழ்ப்பாதியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மேலே தண்டு நிமிர்ந்து இழுக்க, உள்ளே இருக்கும் இரண்டு விதையிலைகளும் ஓட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஓடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். விதையை மேலாக வைத்துவிட்டால் ஓட்டைப் பிடித்து வைக்க மண்ணின் பாரம் போதாது. அப்போதுதான் நாற்று தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறது. அதைப் பார்த்தால் உடனே பிய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் விதையிலை கிழிந்துவிடும். ஈரத் துணியால் ஓட்டை நனைத்து ஊறவைத்து, பிறகு மெல்லக் கழற்றுங்கள். அடுத்த முறை முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள், தொப்பியே இருக்காது.

அந்த இரண்டு தடித்த விதையிலைகளும் நாற்றின் கட்டுச்சோறு. அடுத்த இலைகள் வந்து தாங்களே சமைக்க ஆரம்பிக்கும் வரை செடி அதைத் தின்றுதான் வளர்கிறது. ஆகவே முதல் பத்து நாளைக்கு எந்த உரமும் வேண்டாம். விதையிலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்து, சத்து பற்றவில்லை என்று யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. அது தன் வேலையை முடித்துவிட்டு உதிர்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பூவுக்கு வருவோம். ஆரம்பத்தில் சொன்ன மூன்று பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.

சுரைக்கொடிக்காரர் முதலில். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் ஒரே கொடியில். முதலில் வருவது ஆண் பூதான். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆண் பூவாகவே வந்து கொட்டும். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். ஆண் பூ காய்க்காது, பூத்த வேலை முடிந்ததும் உதிரும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழுக்குக் கீழே காம்பில் ஒரு குட்டிக் காய் இருக்கும், சுரையில் விரல்நுனி அளவு சுரை, பாகலில் முள்ளு முள்ளாக ஒரு பாகல். வெயில் ஏற ஏற ஆண் பூ கூடும், பெண் பூ குறையும், இது இந்தக் குடும்பத்தின் சுபாவம். தழைச்சத்து அதிகமானாலும் கொடி இலையாகவே ஓடும். மெயின் கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில் பெண் பூ கூடுதலாக வரும், முக்கியமாகச் சுரையில்.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். இங்கேதான் நேரம் பார்க்க வேண்டும். பரங்கிப் பூ விடியுமுன்னே விரிந்து, காலை ஒன்பது பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். பாகலும் காலைப் பூ. பீர்க்கு மாலையில் விரியும், மஞ்சள் வெயில் இறங்குகிற நேரத்தில் மஞ்சள் பூ. சுரையின் வெள்ளைப் பூவும் சாயங்காலம்தான். புடலை இருட்டிய பிறகு, ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கும் வெள்ளைப் பூவாக விரியும். இரவுப் பூவுக்கு வருகிறவை அந்துப்பூச்சிகள். மாடியில் விடிய விடிய லைட் எரிந்தால் அந்துப்பூச்சி விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும், பூப்பக்கம் வராது. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவருக்குப் புடலைப் பூ விரிந்ததே தெரியாது, சுருண்டு கிடப்பதைத்தான் பார்ப்பார்.

பூச்சி வரவில்லை என்றால் நாமே செய்யலாம். அந்தந்தப் பூ விரிகிற நேரத்தில் ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தக் கட்டையைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பளபளவென்று பருத்துக் கீழே வளையத் தொடங்கும். புடலைப் பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும்.

அடுத்து கத்தரி. ஒரு கத்தரிப் பூவைக் கவிழ்ந்த நிலையிலேயே கீழிருந்து நிமிர்த்திப் பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும், அவை மகரந்தப்பைகள். அந்தக் கூம்பின் நடுவிலிருந்து பச்சையாக ஓர் ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. ஊசி கூம்புக்குள்ளேயே ஒளிந்திருந்தால் அந்தப் பூ காய்க்காது, என்ன அடித்தாலும் உதிரத்தான் செய்யும். ஒரே செடியில் இரண்டு வகையும் உண்டு. பெரும்பாலும் தனியாகத் தொங்கும் பெரிய பூவில் ஊசி நீண்டிருக்கும், கொத்தில் பின்னால் வரும் சின்னப் பூக்களில் குட்டையாக இருக்கும். செடி வாடி வதங்கினாலும் சத்து குறைந்தாலும் குட்டை ஊசிப் பூக்கள் கூடும். ஆக, கத்தரியில் உதிர்ந்த பூவை எண்ணிக் கவலைப்படுவது வீண். நீண்ட ஊசி உள்ள பூ உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த மஞ்சள் கூம்பில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மற்றப் பூக்களில் மகரந்தப்பை வெடித்துத் தூள் வெளியே நிற்கும், தேனீ வந்து பூசிக்கொண்டு போகும். கத்தரியிலும் தக்காளியிலும் தூள் பைக்குள்ளேயே அடைபட்டு இருக்கும், குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அப்படிக் குலுக்கத் தெரியாது. வயிற்றில் நீல வரி போட்ட காட்டுத்தேனீ ஒன்றும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டும் இதில் கைதேர்ந்தவை. பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ம்ம்ம்' என்று வழக்கத்தைவிட உரத்த ஒரு ரீங்காரம் கேட்கும், தூள் அதன் வயிற்றில் கொட்டும். காலையில் கத்தரிப் பாத்தியில் சும்மா நின்று கேளுங்கள். கருவண்டைக் கண்டால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதை விட்டுவிடுங்கள். உலர்ந்த முருங்கைக் கட்டை ஒன்றைக் கொல்லை மூலையில் போட்டுவையுங்கள், அதில் துளை போட்டுத் தங்கிக்கொள்ளும். வண்டு வராத மாடித் தோட்டம் என்றால் காலை பத்து மணிக்குள் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டாலே ஓரளவு பலன் உண்டு.

மூன்றாவது ஆள் தக்காளிக்காரர். அவருக்குத்தான் நான் ஆறுதல் சொல்ல முடியாது. தக்காளிக்குப் பகலில் 32 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் குளிராமல் போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. திருச்சியில் ஏப்ரல் பகல் 38, ராத்திரி 26. அந்தத் தூள் உருவாவது பூ விரிகிற அன்றைக்கு அல்ல, ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே மொட்டுக்குள். இன்றைக்கு உதிர்கிற பூ போன வாரத்து வெயிலில் கெட்டுப்போன பூ. ஆகையால் இன்றைக்கு நாம் அடிக்கிற எந்தத் தண்ணீரும் அதைக் காப்பாற்றாது. மாசிக்குள் பிடித்த காயை ஒழுங்காகப் பழுக்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒன்று கவனியுங்கள். சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் கடும் சூட்டில் உருவாகாது, மஞ்சள் நிறம் மட்டும் ஏறும். அதனால்தான் பங்குனித் தக்காளி செடியிலேயே விட்டால் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தேங்கிவிடுகிறது. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் பரப்பி வையுங்கள். நன்றாகச் சிவக்கும். புதுத் தக்காளி நாற்றுக்குப் பங்குனியில் காசு செலவழிக்க வேண்டாம்.

தக்காளி ஓய்கிற வெயிலில் கீரை எழும்புவதற்கும் காரணம் உண்டு. வெயிலும் சூடும் ஏறினால் பெரும்பாலான செடிகளின் இலையில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை வகையறா, மக்காச்சோளம், கரும்பு இவையெல்லாம் கரியமில வாயுவை முதலில் ஓரிடத்தில் பிடித்து, இலையின் உள்ளறைக்குள் திணித்து, அங்கே அதைச் செறிவாக்கிக்கொண்டு வேலை செய்கின்றன. அதனால் இலைத்துளையை ரொம்பத் திறக்காமலேயே, கொஞ்சம் தண்ணீரில், சுடுவெயிலில் சாப்பாடு தயாரித்துவிடும். மாசியில் தூவிய முளைக்கீரை மூன்று வாரத்தில் கொதிக்கிற குழம்புக்கு வந்துவிடுகிறது. கோடைத் தோட்டத்தில் எனக்கு முதல் மரியாதை கீரைக்குத்தான்.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் கண்ணால் பார்ப்பதை நம்பி ஏமாறுகிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் பரங்கி இலையும் சுரை இலையும் குடை மடக்கினாற்போலத் தொங்கும். உடனே வாளியைத் தூக்காதீர்கள். அகலமான இலை வழியாகத் தண்ணீர் போகிற வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியவில்லை, மண்ணில் ஈரம் இருக்கும்போதும் இப்படித் தொங்கும். இலை மடிந்தால் வெயில் படும் பரப்பு குறையும், அதுவே செடிக்கு ஒரு தற்காப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. காலை ஆறு மணிக்குப் பாருங்கள், அதுதான் தீர்ப்பு. விடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே தண்ணீர் வேண்டும். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது, தண்ணீரை நிறுத்த வேண்டும். தாகத்துக்கும் மூழ்கலுக்கும் இலை காட்டும் அடையாளம் ஒன்றுதான், விரலைத்தான் நம்ப வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது என்றும் கேட்கிறார்கள். உள் மாவட்டங்களில் கோடை நாளில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆக, இலை மூடிய பாத்தியில் இரண்டு சதுர மீட்டருக்கு நாளுக்கு ஒரு குடம் தண்ணீர், தோராயக் கணக்கு இது. தொட்டிச் செடி சீக்கிரம் காயும், அதற்குக் காலை மாலை இரு வேளையும் வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. தினமும் மேலாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், இலை ஓரம் கருகும். வாரம் ஒருநாள் தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை நிறைய ஊற்றிவிட்டால் அந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய காரியம் மூடாக்கு. வேப்பஞ்சருகு, கரும்புச் சோகை, தென்னை மட்டை நார், எது கையில் கிடைக்கிறதோ அதை நாலு விரல் கனத்துக்கு மண்மேல் பரப்புங்கள். பங்குனி உச்சிவெயிலில் வெறும் செம்மண்ணில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. சருகைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், குளுகுளுவென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியில்தான் மேல்வேர்கள் உயிரோடு இருக்கின்றன. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள், செம்மண்ணில் கரையான் சருகு வழியாகத் தண்டுக்கு ஏறும்.

பூச்சியைப் பற்றி அதிகம் நீட்டப் போவதில்லை. மூன்று அடையாளங்கள் போதும். மிளகாய் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேன் வறண்ட வெயிலில் பெருகும். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் போதுமானது. கத்தரியில் நுனிக்கொழுந்து மட்டும் திடீரென்று தலை சாய்ந்தால் தண்டுக்குள் புழு இருக்கிறது. சாய்ந்த இடத்துக்குக் கீழே வெட்டி எடுத்து நசுக்கிப் போடுங்கள், விட்டுவைத்தால் அடுத்தது காய்க்குள் போகும். வெண்டையில் இலை நரம்பு வலை போல மஞ்சளாக வந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும்.

சித்திரை வெண்டையின் மாதம். மாசி நடுவில் ஊன்றியது பங்குனிக் கடைசியில் பூக்க ஆரம்பித்திருக்கும். வெளிர் மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து பிற்பகலுக்குள் சுருங்கிவிடும் ஒருநாள் பூ. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் பூச்சியை எதிர்பார்த்து நிற்பதில்லை. பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சோதனை இந்தச் செடியின் கடிகாரத்தையே அளக்கிறது. ஆறாம் நாள் பட்டென்று ஒடிகிற காய் எட்டாம் நாள் வளைகிறது, பத்தாம் நாள் நாராகிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும். கறிக்குப் போதவில்லையே, இன்னும் ரெண்டு சேரட்டும் என்று விட்டால், செடி தன் சத்தையெல்லாம் முற்றுகிற விதைக்குக் கொடுத்துவிட்டு மேலே பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறித்ததைத் துணிப்பையில் போட்டு ஃப்ரிட்ஜில் சேர்த்து வையுங்கள், செடியில் சேர்க்காதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், வெண்டைச் சுனை கையை அரிக்கும்.

மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசிவரை கத்திரி வெயில். மேற்கு வெயில்தான் கொடுமையானது, மத்தியானத்துக்குமேல் மிளகாய், கத்தரி, கீரைக்கு நிழல் இருந்தால் நல்லது. பச்சை நிழல்வலை கட்டுகிறவர்கள் 35 சதவீத வலை போதும் என்று கேட்டு வாங்குங்கள். கார் ஷெட்டுக்குக் கட்டுகிற 75 சதவீத வலைக்குக் கீழே செடி நெடுநெடுவென்று போகும், காய்க்காது. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் தட்டைப்பயறுக்கும் வலையே வேண்டாம். இடையில் ஒரு கோடைமழை கொட்டும். முதல்நாள்வரை காய்ந்து கிடந்த வேர் ஒரே மூச்சில் தண்ணீரை உறிஞ்சும், மிச்சமிருக்கும் தக்காளிப் பழம் தோல் வெடிக்கும். வானம் இருட்டினால் நிறம் மாறியதையெல்லாம் பறித்துவிடுங்கள். வெயிலில் அடங்கியிருந்த பழ ஈ ஈரத்தில் கிளம்பும், பாகல், பீர்க்குப் பிஞ்சுகளுக்கு மழை பெய்த மறுநாளே காகிதப் பை மாட்டிவிடுங்கள்.

வைகாசியில் தட்டைப்பயறு ஓய்வதற்கு முன்பே ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே ரத்தம் கலந்தாற்போல இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. காய்த்து ஓய்ந்ததும் மற்றச் செடிகளைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள், அடுத்து வைக்கிற கத்தரிக்கு அது உதவும்.

ஒரே ஒரு விதையை மட்டும் இந்தப் பருவத்தில் ஊன்ற வேண்டாம், பந்தல் அவரை. பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கிற செடி அது. மாசியில் போட்டால் பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்து, உங்கள் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, மார்கழி வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். அந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டு ஆடிக்கு எடுத்து வையுங்கள். வெண்டையில் மட்டும் நடுத்தண்டில் வந்த நல்ல காயாக இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். ஒரு மாதத்தில் காய்ந்து வரிவரியாக வெடிக்கத் தொடங்கும்போது எடுத்தால் அடுத்த மாசிக்கு விதை ஆயிற்று. ஆனால் நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் எஃப்-1 என்றோ ஹைபிரிட் என்றோ போட்டிருந்தால் அந்தச் செடியில் விதைக்கு விடாதீர்கள், பிள்ளைச்செடி தாயைப் போல வராது.